சைக்கிளின் பொட்டம் பிராக்கெட்டை எப்போது மாற்ற வேண்டும்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 ஆம் ஆண்டில் பெற்றோலுக்காக நீண்ட வரிசைகளில் நின்ற காலத்தில் கொழும்பில் சைக்கிளுக்கு மாறியவர்கள் பலர். அப்போது வாங்கிய வண்டிகளும், வீட்டின் பின்புறத்தில் வருடக்கணக்கில் சாய்ந்து கிடந்து அந்த நாட்களில் மீண்டும் தெருவுக்கு வந்த பழைய றலி, லுமாலா வண்டிகளும் இதற்குள் பல மழைக்காலங்களைக் கண்டுவிட்டன. அவற்றின் சொந்தக்காரர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே விடயம்தான்: காலுக்குக் கீழே எங்கோ ஒரு சத்தம் வருகிறது, பொட்டம் பிராக்கெட் போய்விட்டது என்று கடையில் சொல்கிறார்கள், மாற்றத்தான் வேண்டுமா? வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குத் தினமும் சைக்கிளில் போய்வருபவனாகவும், என்னுடைய வண்டியையும் நண்பர்களின் வண்டிகளையும் கழற்றிப் பூட்டிப் பழகியவனாகவும் எனக்கு உறுதியாகத் தெரிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

பொட்டம் பிராக்கெட் என்பது எந்தப் பகுதி?

இருக்கையைத் தாங்கும் குழாயும், முன்பக்கத்திலிருந்து சரிந்து வரும் குழாயும், பின்சில்லுக்குப் போகும் இரண்டு மெல்லிய குழாய்களும் பிரேமின் அடியில் ஒன்றுசேரும் இடத்தில், குறுக்காக ஒரு குட்டைக் குழாய் இருக்கும். அந்தக் குழாய்க்குள் இருந்து கிராங்கின், அதாவது பெடல் பூட்டப்படும் கையின், அச்சைத் தாங்கி, அதை இலகுவாகச் சுழலவிடும் பெயரிங் தொகுதியே பொட்டம் பிராக்கெட். நீங்கள் மிதிக்கும் ஒவ்வொரு மிதியின் பாரமும் அதன் வழியாகத்தான் செயினுக்குப் போகிறது.

கொழும்புத் தெருக்களில் பெரும்பாலும் மூன்று வகைகளைக் காணலாம். பழைய வண்டிகளிலும், ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் வரும் வண்டிகள் பலவற்றிலும் இருப்பது கப் (பிரேமுக்குள் முறுக்கப்பட்டுக் குண்டுகளைத் தாங்கும் கிண்ணம்), அச்சு, தனிக் குண்டுகள் என்று பிரித்தெடுக்கக்கூடிய வகை. கியர் உள்ள சாதாரண வண்டிகளில் இருப்பது, எல்லாவற்றையும் ஒரே உருளைக்குள் அடைத்து மூடிய காற்றிஜ் வகை. விலை கூடிய வண்டிகளில் பெயரிங்குகள் பிரேமுக்கு வெளியே இரு பக்கமும் தடித்த வளையங்களாகத் தெரியும். அவற்றின் ஊடாக 24 மி.மீ. விட்டமுள்ள உட்குழிந்த அச்சு செல்லும். உங்களுடையது எந்த வகை என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கீழே வரும் பதில்களில் சில அதைப் பொறுத்தே மாறுகின்றன.

தேய்ந்துவிட்டது என்பதற்கு நம்பத்தகுந்த அறிகுறி எது?

பக்கவாட்டு ஆட்டம். இதைப் பார்ப்பதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. வண்டியைச் சுவரில் சாய்த்து வைத்து, ஒரு கையால் பிரேமை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கிராங்க் கையின் நுனியைப் பிடித்து, பிரேமை நோக்கித் தள்ளியும் வெளியே இழுத்தும் பாருங்கள். பிடிக்க வேண்டியது கிராங்கையே. பெடலைப் பிடித்து ஆட்டினால் பெடலின் சொந்த ஆட்டம் உங்களை ஏமாற்றிவிடும். நல்ல நிலையில் உள்ள பொட்டம் பிராக்கெட்டில் கிராங்க் கல்லில் பதித்தது போல அசையாமல் நிற்கும். தேய்ந்ததில் சிறிய ‘டக், டக்’ என்ற தட்டலோடு அது உள்ளும் வெளியுமாகப் போய்வரும்.

இப்போது முக்கியமான இரண்டாம் படி. ஒரு பக்கத்துக் கிராங்கை ஆட்டும்போது மறுபக்கத்துக் கிராங்கையும் கவனியுங்கள், முடிந்தால் இன்னொருவரை அதன் மேல் விரலை வைத்திருக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே உடலாகச் சேர்ந்து அசைந்தால், ஆட்டம் அச்சைத் தாங்கும் பெயரிங்கில் இருக்கிறது. ஒரு கிராங்க் மட்டும் அசைந்து மற்றது அசையாமல் இருந்தால், பொட்டம் பிராக்கெட் குற்றமற்றது. அந்தக் கிராங்க் அச்சோடு சேரும் இடம்தான் தளர்ந்திருக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டைப் பார்க்காமலே நல்ல பொட்டம் பிராக்கெட்டுகள் பல கழற்றி எறியப்படுகின்றன.

கிராங்கை மேல், கீழ், முன், பின் என்று நான்கு நிலைகளில் நிறுத்தி, ஒவ்வொன்றிலும் இதையே செய்து பாருங்கள். ஒரு நிலையில் இறுக்கமாகவும் இன்னொரு நிலையில் தளர்வாகவும் இருந்தால், அச்சு வளைந்திருக்கலாம் அல்லது குண்டு ஓடும் பாதை ஓரிடத்தில் மட்டும் குழிந்திருக்கலாம். அப்படிப்பட்டதை எவ்வளவு இறுக்கினாலும் சரிவராது.

ஒரு கிராங்க் மட்டும் ஆடினால் தொடர்ந்து ஓடலாமா?

கூடாது. சதுர முனையுள்ள உருக்கு அச்சில் அலுமினியக் கிராங்க் பூட்டப்பட்ட வண்டிகளில், தளர்ந்த கிராங்கோடு மிதிக்கும் ஒவ்வொரு சுற்றும் அலுமினியத்தின் சதுரத் துளையை உருட்டித் தேய்க்கிறது. துளை ஒருமுறை வட்டமாகத் தொடங்கிவிட்டால் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் அது சில நாட்களில் மீண்டும் தளரும், கிராங்கையே மாற்ற வேண்டிவரும். இந்த வகைக் கிராங்கை அச்சோடு பிடிக்கும் போல்ட்டுக்கு 35 முதல் 50 நியூட்டன் மீற்றர் வரை இறுக்கம் தேவை. நீளமான பிடியுள்ள கருவியை முழுப் பலத்தோடு இழுத்தால்தான் அந்த அளவு வரும், பயணத்தில் கொண்டுபோகும் சிறிய அலன் கீயால் வராது.

பழைய றலி போன்ற வண்டிகளில் கிராங்கைப் பிடித்திருப்பது குறுக்காகச் செல்லும் கொட்டர் பின். அதன் நட்டை முறுக்கியே பின்னை உள்ளே இழுத்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நட்டின் வேலை பின் கழராமல் காப்பது மட்டுமே. கிராங்கின் அடியில் உறுதியான முட்டுக் கொடுத்து, பின்னைச் சுத்தியலால் அடித்து அமர்த்திய பிறகுதான் நட்டை இறுக்க வேண்டும். முட்டுக் கொடுக்காமல் அடித்தால் அடி முழுவதும் பெயரிங் குண்டுகளின் மேல் விழும், இல்லாத பழுது ஒன்று அங்கே உண்டாகும்.

ஆட்டம் இல்லை, ஆனால் மிதிக்கும்போது மணலை அரைப்பது போல இருக்கிறது. இதுவும் அறிகுறியா?

ஆம். செயினை முன் பற்சில்லிலிருந்து இறக்கி உள்பக்கமாகப் போட்டுவிட்டு, கிராங்கை மெதுவாகக் கையால் சுற்றுங்கள். சுற்றும்போது மறு கையின் விரல்களை இருக்கைக் குழாயின் மேல் மெல்ல வைத்திருங்கள். காதுக்கு எட்டாத உரசல் குழாயின் வழியாக விரலுக்கு எட்டும். கரகரவென்ற நடுக்கமோ, ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் சிறு தடக்கமோ தெரிந்தால், உள்ளே நீரும் மணலும் புகுந்து குண்டுகளும் பாதையும் துருப்பிடித்திருக்கின்றன.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். செயின் இல்லாமல் சுழற்றிவிட்டால் பம்பரம் போல நெடுநேரம் சுற்றுவதுதான் நல்ல பெயரிங்குக்கு அடையாளம் என்று பலர் நம்புகிறார்கள். புதிய மூடிய பொட்டம் பிராக்கெட் அப்படிச் சுற்றாது. நிறைந்த கிறீஸும் இறுக்கமான றப்பர் மூடியும் அதைச் சற்று மந்தமாக, ஆனால் வழுவழுப்பாக, சில சுற்றுகளிலேயே நிறுத்திவிடும். முன்பு மந்தமாகச் சுற்றியது இப்போது எந்தத் தடையும் இல்லாமல் சுற்றுகிறது என்றால், கிறீஸ் வற்றிவிட்டதா என்றே சந்தேகிக்க வேண்டும். உடனே மாற்ற வேண்டியதில்லை, ஆனால் அடுத்த சில மாதங்களுக்கு அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

மிதிக்கும்போது ‘டிக்’ என்று சத்தம் கேட்கிறது. பொட்டம் பிராக்கெட்தானே?

சத்தத்தை மட்டும் வைத்து அப்படி முடிவுசெய்யாதீர்கள். பிரேம் என்பது உள்ளே வெறுமையான குழாய்களின் கூட்டு. அதில் ஒரு மூலையில் எழும் ஒலி முழுவதும் பரவி, காலுக்குக் கீழிருந்து வருவது போலவே கேட்கும். என்னுடைய வண்டியிலேயே இது நடந்தது. பம்பலப்பிட்டியைத் தாண்டும்போதெல்லாம் வலது காலை அழுத்தும் நேரத்தில் ஒரு ‘டிக்’ வந்தது. ஒரு கடையில் பொட்டம் பிராக்கெட்டை மாற்றினார்கள், பணமும் கொடுத்தேன், அடுத்த நாள் அதே இடத்தில் அதே சத்தம் வந்தது. பிறகு நானே ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்ததில், வலது பெடலின் மரை கிறீஸ் இன்றி உலர்ந்து கிடந்தது தெரிந்தது. துடைத்து, கிறீஸ் பூசி இறுக்கியதும் சத்தம் போய்விட்டது.

அதனால் முதலில் சத்தம் எப்போது வருகிறது என்று எண்ணுங்கள். கிராங்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை, ஒரே இடத்தில் வந்தால் பெடல், கிராங்க், பற்சில்லின் போல்ட்டுகள், பொட்டம் பிராக்கெட் ஆகிய நான்கில் பெரும்பாலும் ஒன்று. கிட்டத்தட்ட மூன்று சுற்றுக்கு ஒரு தடவை வந்தால் அது செயின். 112 கண்ணிகள் உள்ள செயின் 42 பற்கள் உள்ள சில்லில் ஓடும்போது, ஒரே கண்ணி திரும்பி வருவதற்குக் கிராங்க் இரண்டே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்ற வேண்டும். இறுகிப்போன ஒரு கண்ணி அந்தக் கணக்கில்தான் சத்தமிடும். மிதிப்பதை நிறுத்திச் சில்லை மட்டும் உருளவிடும்போதும் சத்தம் தொடர்ந்தால் கிராங்கின் பக்கமே போக வேண்டாம், சில்லுகளைப் பாருங்கள்.

அடுத்து, இருக்கையிலிருந்து எழுந்து நின்று மிதியுங்கள். சத்தம் மறைந்தால் இருக்கையோ அதன் தண்டோ காரணம். தண்டைக் கழற்றித் துடைத்து, பிரேம் காபன் அல்லாதது என்றால் மெல்லக் கிறீஸ் பூசி மீண்டும் வையுங்கள். பிறகு ஒரு காலால் மட்டும் மிதித்து, மற்றக் காலால் மட்டும் மிதித்து வேறுபாட்டைக் கேளுங்கள். பெடல்களைக் கழற்றி மரைக்குக் கிறீஸ் பூசுங்கள். கிடைத்தால் நண்பரின் பெடல்களை ஒரு நாளைக்கு மாட்டிப் பாருங்கள். பற்சில்லின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்குங்கள். இவ்வளவும் செய்த பிறகும் சத்தம் இருந்தால்தான் பொட்டம் பிராக்கெட்டுக்குப் போக வேண்டும். அப்போதும்கூட முதல் வேலை புதிதை வாங்குவது அல்ல. பழையதைக் கழற்றி, பிரேமின் மரையையும் கப்பின் மரையையும் துடைத்து, கிறீஸ் பூசிச் சரியான அளவு இறுக்குவதே முதல் வேலை. உலர்ந்த மரைகள் ஒன்றோடொன்று உரசுவதும் அச்சொட்டாக அதே சத்தத்தைத்தான் தரும்.

பற்சில்லு பக்கவாட்டில் நெளிந்து சுற்றுகிறது. இது பொட்டம் பிராக்கெட் தேய்ந்ததாலா?

கையால் ஆட்டும்போது ஆட்டம் இல்லையென்றால் அல்ல. பெரும்பாலும் பற்சில்லு வளைந்திருக்கும்; வண்டி வலப்பக்கமாக விழுந்ததோ, பஸ்ஸில் ஏற்றும்போது இடிபட்டதோ காரணமாக இருக்கலாம்.

இறுக்கினால் போதுமா, மாற்றியே ஆக வேண்டுமா?

இது வகையைப் பொறுத்தது. தனிக் குண்டு வகையில் பெரும்பாலும் மாற்றாமலே சரிசெய்யலாம், இந்த வகையின் மீது எனக்குள்ள மதிப்புக்கும் அதுவே காரணம். இடப்பக்கத்தில் இறுக்க வளையத்தைத் தளர்த்தி, கப்பைச் சிறிது உள்ளே திருப்பி, ஆட்டம் நீங்கியும் கிராங்க் தடையின்றிச் சுற்றும் நிலையில் மீண்டும் வளையத்தை இறுக்கினால் போதும். ஆனால் கரகரப்பும் சேர்ந்திருந்தால் இறுக்குவதால் பயனில்லை, திறக்க வேண்டும். பக்கத்துக்கு 11 வீதம் கால் அங்குலக் குண்டுகள் இருக்கும். அவற்றை மண்ணெண்ணெயில் கழுவிப் பாருங்கள். குண்டுகள் மங்கியிருந்தால் முழுத் தொகுதியையும் மாற்றுங்கள், பழையதோடு புதியதைக் கலக்க வேண்டாம். கப்பிலும் அச்சிலும் குண்டு ஓடிய தடம் பளபளப்பான கோடாக இருந்தால் நல்லது. அந்தக் கோட்டில் ஊசியால் குத்தியது போன்ற குழிகள் தெரிந்தாலோ, நகத்தை ஓட்டும்போது தடக்கினாலோ அந்தக் கப்பும் அச்சும் முடிந்துவிட்டன. குழிந்த கப்பில் புதிய குண்டுகளைப் போட்டுக் கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. முதல் வாரம் நன்றாக ஓடும், பிறகு அந்தக் குழிகள் புதிய குண்டுகளையும் தின்றுவிடும்.

காற்றிஜ் வகையில் திறக்கவோ இறுக்கவோ எதுவும் இல்லை. பிரேமுக்குள் அந்த உருளை தளர்ந்திருந்தால் 50 முதல் 70 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கலாம். அது இறுக்கமாக இருந்தும் அச்சு ஆடினால் மாற்றுவதைத் தவிர வழி இல்லை.

வெளிப் பெயரிங் வகையில், மாற்றுவதற்கு முன் இடது கிராங்கின் இரண்டு சிறிய போல்ட்டுகளைத் தளர்த்தி, நடுவிலுள்ள பிளாஸ்ரிக் மூடியை விரல் பலத்தோடு திருப்பி ஆட்டத்தை எடுத்துவிட்டு, போல்ட்டுகளை 12 முதல் 14 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கிப் பாருங்கள். பல தடவை அங்கேயே குறை தீர்ந்துவிடும். அந்த மூடியைப் பலமாக முறுக்கினால் பெயரிங் பக்கவாட்டில் நசுங்கி விரைவில் கெடும்.

எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

தூரத்தை வைத்துச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. கொழும்பில் இந்தப் பகுதியைக் கொல்வது தூரத்தைவிட நீர்தான். ஏப்ரல், மே மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர மழை வீதியை வாய்க்காலாக்கிவிடும். முன்சில்லு அள்ளித் தெளிக்கும் சேற்று நீர் நேராகப் பொட்டம் பிராக்கெட்டின் மேல்தான் விழுகிறது, ஆகவே முன் மட்கார்ட் இல்லாத வண்டியில் அது விரைவாகப் பழுதடையும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மரைன் டிரைவிலும் காலிமுகத்திடலிலும் காற்றோடு வரும் உப்பு வேறு. வாரத்தில் சில நாட்கள் அந்தப் பாதையில் போகிறவர்கள் ஈரத்துணியால் பிரேமின் அடிப்பகுதியைத் துடைத்து உலரவிடுவது நல்லது.

வெள்ளத்தில் ஓடிய வண்டியைத் தனியாகக் கவனிக்க வேண்டும். 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பகுதிகள் மூழ்கியது போன்ற நிலையில், பெயரிங்குக்கு மேலே நீர் நின்றிருந்தால் மூடிய வகை என்ற நம்பிக்கையில் இருந்துவிடாதீர்கள். இருக்கைத் தண்டை உருவி எடுத்து, வண்டியைத் தலைகீழாக்கி, குழாய்க்குள் தேங்கிய நீரை வடியவிடுங்கள். பல பிரேம்களில் பொட்டம் பிராக்கெட் குழாயின் அடியில் நீர் வடிவதற்காகவே ஒரு சிறு துளை இருக்கும், அது சேற்றால் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். தனிக் குண்டு வகை என்றால் அதே வாரத்தில் திறந்து கழுவிக் கிறீஸ் வையுங்கள். சேர்விஸ் நிலையத்தில் மோட்டார் சைக்கிளுக்கு அடிப்பது போல அழுத்த நீரைப் பெயரிங்கை நோக்கி அடிக்க விடாதீர்கள். றப்பர் மூடி மழையைத் தாங்குவதற்குச் செய்யப்பட்டது, அந்த அழுத்தத்துக்கு அல்ல.

ஆட்டம் கொஞ்சம்தான் இருக்கிறது. இன்னும் சில மாதங்கள் ஓடலாமா?

சில நாட்கள் ஓடலாம், சில மாதங்கள் ஓடக்கூடாது. பெயரிங் கெடுவதைப் பற்றி நான் கவலைப்படவில்லை, அது எப்படியும் மாற்றப்பட வேண்டியது. கவலைக்குரியது பிரேம். ஆடும் அச்சு கப்பை அசைக்கும், அசையும் கப் பிரேமின் மரையை அரைக்கும். அலுமினியப் பிரேமில் இது விரைவாக நடக்கும். மரை சிறிதளவு கெட்டிருந்தால் அதற்கான வெட்டுக் கருவியால் மீண்டும் சுத்தமாக்கலாம். முழுவதும் போய்விட்டால் மரை தேவையில்லாமல் உள்ளிருந்து விரிந்து பிடிக்கும் தொகுதியைத் தேடிப் பூட்ட வேண்டும், அதுவும் கிடைக்காவிட்டால் நல்ல பிரேம் ஒன்று வீணாகும். சிறிய பாகத்துக்கான செலவைத் தள்ளிப்போட்டு வண்டியையே இழந்தவர்களைப் பார்த்திருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கடையில் என்ன அளவு கேட்க வேண்டும்?

பழையதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போங்கள். காற்றிஜ் வகையின் உடலில் 68–122.5 என்பது போன்ற எண்கள் இருக்கும். முதல் எண் பிரேமிலுள்ள குழாயின் அகலம், இரண்டாவது அச்சின் நீளம், இரண்டும் மில்லிமீற்றரில். 68 பரவலானது, மலைப் பாதை வண்டிகளில் 73 உம் உண்டு. அச்சின் நீளம் சில மில்லிமீற்றர் மாறினாலும் செயினின் நேர்கோடு மாறும், பற்சில்லு பிரேமில் உரசவும் கூடும். மரை பெரும்பாலும் 1.37 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 24 சுற்றும் கொண்ட ஆங்கில அளவு. பழைய றலி வண்டி வைத்திருப்பவர்கள் மட்டும் இங்கே அவதானமாக இருக்க வேண்டும். அந்த நிறுவனம் தன் வண்டிகள் பலவற்றில் அங்குலத்துக்கு 26 சுற்றுள்ள சொந்த மரையை வைத்திருந்தது. 24 சுற்றுள்ள கப் அதில் ஒன்றிரண்டு சுற்றுப் போய் இறுகும், பலவந்தமாக முறுக்கினால் பிரேமின் மரை அழிந்துவிடும். அத்தகைய வண்டியில் பழைய கப்புகளை விட்டுவிட்டு, குண்டுகளையும் தேவையானால் அச்சையும் மட்டும் மாற்றுவதே அறிவான வழி.

வீட்டிலேயே கழற்றலாமா?

கிராங்க் இழுப்பானும் உங்கள் வகைக்குரிய பல்லுள்ள சாக்கெட்டும் இருந்தால் கழற்றலாம். சுத்தியலாலும் ஆணியாலும் கப்பைத் தட்டித் திருப்பும் முயற்சி வேண்டாம். பெரும்பாலானோர் தவறுவது திசையில். ஆங்கில அளவு மரையில் வலப்பக்கம், அதாவது செயின் இருக்கும் பக்கம், எதிர் மரை. அதற்கு நேராக நின்று பார்க்கும்போது கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் அது கழரும். இடப்பக்கம் வழமையானது. பெடலில் இது தலைகீழ், அங்கே இடப்பக்கப் பெடலுக்குத்தான் எதிர் மரை. மிதிக்கும்போது வலது கப் தானாகத் தளராமல் இருப்பதற்காகவே இந்த ஏற்பாடு. இரு பக்கமும் வழமையான மரை உள்ள இத்தாலிய அளவுப் பிரேம்களில் வலது கப் தளர்வது தெரிந்த குறை.

கிராங்க் இழுப்பானைப் பூட்டும்போது அதன் மரை கிராங்கின் மரைக்குள் முழுமையாக, கையாலேயே இலகுவாகப் போக வேண்டும். பாதியில் நின்ற நிலையில் இழுத்தால் கிராங்கின் மரை உருவிக்கொண்டு வந்துவிடும்.

கடையில் மாற்றக் கொடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கொடுப்பதற்கு முன், இரண்டு கிராங்குகளும் சேர்ந்து ஆடுவதை வேலை செய்பவருக்கு நீங்களே ஆட்டிக் காட்டுங்கள். அவர் வேறு காரணம் கண்டால் கேளுங்கள். அனுபவமுள்ள பாஸ் ஒருவரின் விரலுக்குத் தெரிவது நமக்குத் தெரியாமல் இருக்கலாம். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள், அதன் அச்சை விரலால் சுற்றிப் பாருங்கள். கரகரப்பும் ஆட்டமும் அதில் தெரியாவிட்டால் சத்தத்தின் காரணம் இன்னும் உங்கள் வண்டியிலேயே இருக்கிறது. புதியதைப் பூட்டுவதற்கு முன் பிரேமின் மரை துடைக்கப்பட்டுக் கிறீஸ் பூசப்படுவதை அருகில் நின்று பாருங்கள். சதுர அச்சு என்றால், முதல் சில நாள் ஓட்டத்துக்குப் பிறகு கிராங்க் போல்ட்டின் இறுக்கத்தை ஒருமுறை சரிபார்க்க மீண்டும் கொண்டுவரலாமா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.